இடக்கை பேஸுக்கு அம்மா தைத்த கேஸ்

ஜனவரி 4, சனி

காலையில் பனி. ஆம்பூர் ஸ்டேஷனில் எதிர் பிளாட்ஃபாரமே தெரியவில்லை. அண்ணனும் நானும் பெங்களூருக்கு. பேஸ் கிடார் ஆர்டர் கொடுக்க.

நான் எதற்கு என்றால், இங்கிலீஷ் பேச. வீட்டில் இங்கிலீஷ் என்று வந்தால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். ரயிலில் நாலு வாக்கியம் மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். கடைசியில் கிடார் செய்கிற நரேன் சார் ஓசூர்க்காரர். நன்றாகத் தமிழ் பேசுகிறார். நாலு வாக்கியமும் வேஸ்ட்.

கடை மாதிரி இல்லை. மாடியில் ஒரு ஷெட். மரத்தூள், வார்னிஷ் வாசனை, ஒரு பூனை.

பெரிய பேப்பர் ஒன்றை விரித்து, ரெண்டு கையையும் வைக்கச் சொன்னார். அண்ணன் வலது கையை வைத்தான். பென்சிலால் சுற்றி வரைந்தார், ஷூவுக்குக் கால் அளவு எடுப்பது போலவே. இடது கை பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. பூனையோடு பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அண்ணனே எடுத்து வைத்தான். அக்டோபரில் கம்பெனியில் அடிபட்டதற்குப் பிறகு வெளியாள் முன்னால் அந்தக் கையை எடுத்தது இன்றுதான். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி இல்லை. எப்படி ஆனது என்று அவர் கேட்கவில்லை. அதையும் சுற்றி வரைந்தார்.

முன்பு ஞாயிறு ஆராதனையில் அண்ணன் இடது கையால் கம்பியை அழுத்தி, வலது கையால் மீட்டுவான். இனிமேல் தலைகீழ். வலது கை அழுத்த வேண்டும், இடது கைக் கட்டைவிரல் மீட்ட வேண்டும். அப்படிப்பட்ட பேஸ் கடையில் தொங்காது. செய்யச் சொல்லித்தான் வாங்க வேண்டும். மூன்று மாதம் ஆகுமாம்.

ஆர்டர்:
நாலு கம்பி. கழுத்து கொஞ்சம் குட்டை.
மகாகனி மரம். பெயின்ட் வேண்டாம், மரம் தெரிய வேண்டும்.
பழைய முறை வார்னிஷ். மெலிசு. முழுசாகக் காய மாதக்கணக்கில் ஆகும். அண்ணனுக்கு அதுதான் வேண்டுமாம்.
கட்டைவிரலைச் சாய்த்துக்கொள்ள ஒரு மரத்துண்டு.

கையில் அடிபட்டதற்குக் கம்பெனி கொடுத்த பணம் அப்படியே இதற்குப் போகிறது. அப்பா சம்மதித்தார். நாலே கம்பிக்கா இவ்வளவு என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

திரும்பும்போது ஜோலார்பேட்டையில் அண்ணன் வடை வாங்கினான். காசு கொடுக்க இடது கையை நீட்டினான், மறந்துபோய்.

ஜனவரி 5, ஞாயிறு

இதைக் கெமிஸ்ட்ரி ரெக்கார்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். போன வருஷத்து ரெக்கார்டு, யாரும் திறக்க மாட்டார்கள். எல்லாரும் தூங்கிய பிறகு சமையலறை லைட்டில்.

ஏன் எழுதுகிறேன் என்றால் பயமாக இருக்கிறது. சொல்ல ஆள் இல்லை.

நவம்பரில் ஒரு நாள் அண்ணன் ஸ்டேஷனில், பிளாட்ஃபாரம் முடிகிற இடத்தில், ரொம்ப நேரம் நின்றிருந்தானாம். பழக்கடைக்காரர்தான் தோளைப் பிடித்து வீடுவரை கூட்டிவந்தார். காற்று வாங்கப் போனேன் என்றான். அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அதைப்பற்றி வீட்டில் யாரும் அப்புறம் பேசவே இல்லை. அன்றிலிருந்து அவன் வெளியே போனால் நான் வாசலிலேயே உட்கார்ந்து படிக்கிறேன்.

அம்மாவிடம் அவன் சொன்னது ஒன்று காதில் விழுந்தது. மறக்க முடியவில்லை. "ரெண்டு விரல் நுனிதானே போச்சு, கையே போவாம தப்பிச்சியேன்றாங்க. எனக்கு அந்த ரெண்டுதாம்மா."

மார்ச் 29, சனி

நடுவில் எழுதவே இல்லை. பரீட்சை. வியாழனோடு பிளஸ் ஒன் முடிந்தது. அடுத்த வாரமே பிளஸ் டூவுக்கு ஸ்பெஷல் கிளாஸ்.

பேஸ் வந்துவிட்டது! அண்ணனே தனியாகப் போய் எடுத்துவந்தான். மதியத்திலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோவில், மடியில் குழந்தையை வைத்திருப்பது போல வைத்துக்கொண்டு வந்தான்.

சாதாரண கிடாரைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது. நல்ல காபிக் கலர். பின்பக்கம் ஒரு கீறல் கிடையாது, என் முகமே தெரிந்தது. அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள்.

அப்பா தோல் ஷாப்பிலிருந்து, அதாவது தோல் பதனிடுகிற இடத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, தூரத்தில் நின்று பார்த்தார். அண்ணன் உள்ளே போன பிறகு என்னிடம் மெல்ல, "அது அவன் விரலுடி. பத்திரமா பாத்துக்கோ" என்றார்.

நரேன் சார் மெல்லிய துணிப்பை ஒன்றில் போட்டுக் கொடுத்திருக்கிறார். கூட ஒரு இங்கிலீஷ் பேப்பர், எப்படிப் பராமரிப்பது என்று. என்னிடம்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

அனல். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே நிற்க முடியவில்லை.

அம்மாவுக்கு அந்தத் துணிப்பை பிடிக்கவே இல்லை. "ஆம்பூர்ல இருந்துகினு துணிப்பையில எடுத்துனு போனா சபையில சிரிக்க மாட்டாங்க?" கம்பெனிக்கு எத்தனை ஆயிரம் ஷூ தைத்திருப்பாள். தன் பிள்ளைக்கு ஒரு கேஸ் தைக்கத் தெரியாதா என்று அவளுக்கு. பக்கத்து வீட்டு சபீனா ஆன்ட்டியிடம் தோல் தைக்கிற போஸ்ட் மெஷின் இருக்கிறது. அம்மா அங்கேதான் அப்பர் தைக்கப் போவாள், அதாவது ஷூவின் மேல்பாகம். மத்தியானத்தில் மெஷின் சும்மா இருக்கும். அப்போது தைத்துக்கொள் என்றார்கள் ஆன்ட்டி.

சாமான்:
ரிஜெக்ட் தோல், பிரவுன். ஓரத்தில் மாட்டுக்கு முள் கிழித்த தழும்பு. வெளியே தெரியாமல் மடக்கிக்கொள்ளலாம்.
விறைப்புக்கு இன்சோல் போர்டு, ஷூவுக்குள் வைக்கிற அட்டை.
ஃபோம். லைனிங் துணி.
ஒட்டுவதற்கு சொல்யூஷன் ஒரு டப்பா.
பக்கிள் மூன்று.
அடியில் மெத்தென்று இருக்க கிரேப் ஷீட், செருப்பு சோலுக்கு வருமே அந்த ரப்பர்.

கிரேப் என் ஐடியா. துணியோடு விட்டுவிடலாம் என்றுதான் அம்மா இருந்தாள். பஸ்ஸில் போனால் குலுங்குமே, கீழே ரப்பர் இருந்தால் நல்லது என்றேன். ஆன்ட்டி எக்ஸ்போர்ட் செருப்பில் மிச்சமான ஷீட்டை எடுத்துக் கொடுத்தார்கள். கோடு கோடாக, வழுக்காத டிசைன். "லாரியே ஏறினாலும் உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார்கள்.

பேட்டர்ன் வெட்டித் தரையில் போட்டபோது ஆன்ட்டி இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னா சைஸுமா இது? ஜின்னு பூதத்து காலுக்கா ஷூ தைக்கிற?" என்றார்கள். அம்மா சிரித்துக் கண்ணில் தண்ணீர். எத்தனை மாதமாச்சு அவள் அப்படிச் சிரித்து.

ஏப்ரல் 5, சனி

கேஸ் முடிந்தது. அவ்வளவு அழகு. ரெட்டைத் தையல், ஒரு கண்ணிகூடக் கோணவில்லை.

உள்ளே பேஸ் இம்மியும் அசையவில்லை. அம்மாவுக்கு அதுதான் பெருமை. கால் ஷூவுக்குள் ஆடினால் அது ஷூவா என்பாள். அதே கணக்கில் இதையும் தைத்திருக்கிறாள். மூடும்போது முட்டியால் லேசாக அழுத்த வேண்டும்.

மூடுவதற்கு முன் அம்மா கேட்டாள், நரேன் சார் கொடுத்த பேப்பரில் ஏதாவது போட்டிருக்கிறதா என்று. எடுத்து முன்பக்கம் மட்டும் படித்துச் சொன்னேன். வெயிலில் வைக்கக் கூடாது, கம்பியைத் துடைக்க வேண்டும், சாய்த்து வைத்தால் விழும். பின்பக்கம் பொடி எழுத்து. அவ்வளவுதாம்மா என்றேன். மணி ஐந்தாகிவிட்டது, பசி.

அண்ணன் ஒரு வாரமாகத் தினமும் வாசிக்கிறான். வாசிக்கிறான் என்று சொல்லக் கூடாது. எட்டு வருஷம் கோயிலில் வாசித்தவன் இப்போது ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை மாதிரி ஒவ்வொரு இடமாகத் தேடித் தேடி அழுத்துகிறான். வலது கை விரல்கள் சொன்னதைக் கேட்க மாட்டேன் என்கின்றன. இன்று ஒரு பாட்டுக்கு முதல் வரி மட்டும் முழுசாக வந்தது. சுவரில் சாய்ந்து, "ஜெனி, கேட்டியா?" என்றான். கேட்டேன் என்றேன். நிஜமாகவே கேட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அண்ணனை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நடுவிரல் நுனியில் நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறதாம். துணி பட்டாலே துடிக்கிறான். சின்ன ஆபரேஷன்தான் என்கிறார்கள். அம்மா கூட இருக்கிறாள். வீட்டில் நானும் அப்பாவும்.

போவதற்கு முன் அவனே பேஸைக் கேஸில் வைத்து மூடினான். மூன்று பக்கிளையும் போட்டுவிட்டு, "நான் வர்ற வரைக்கும் தொறக்காத. உள்ள இருந்தாத்தான் தூசி படாது" என்றான். கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தோம்.

இரவு சாம்பார் நான் வைத்தேன். உப்பு ஜாஸ்தி. அப்பா இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டார்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

கோயிலில் எல்லார் கையிலும் ஓலை. பாட்டு நடக்கும்போது அடிக்குரல் இல்லாமல் மொட்டையாக இருந்தது. கீபோர்டு வாசிக்கிற ரூபன் அண்ணன் இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்துப் பார்க்கிறார், வரவில்லை. வெளியே வந்து என்னிடம், "உங்க அண்ணன் ஆல்பர்ட் எப்ப வரான்? என்னால ரெண்டு பேர் வேலை செய்ய முடியல" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அம்மாவிடமிருந்து போன். நேற்றைய ஆபரேஷனில் நடுவிரலில் இன்னொரு கணுவையும் எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லையாம். அண்ணன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவன் அம்மாவிடம்கூடப் பேசவில்லையாம்.

அப்பா போனை வைத்துவிட்டு ஓலையை எடுத்துக் கதவில் செருகினார். அது கீழே விழுந்தது. மறுபடி செருகினார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எப்படி எழுதுவது.

அண்ணன் வரும்போது பளபளவென்று இருக்கட்டும் என்று துணியால் துடைக்க நினைத்தேன். அதற்காகத்தான் திறந்தேன். தொறக்காத என்றுதான் சொன்னான். ஆனால் நான் திறக்காமல் இருந்தாலும் நடந்துதான் இருக்கும்.

தூக்கினேன், வரவில்லை. அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பிளாஸ்திரி பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

பின்பக்கம் முழுக்க கிரேப் ஷீட்டின் கோடு. அச்சு அப்படியே இறங்கியிருக்கிறது. வார்னிஷ் உருகி, பிசுபிசுத்து, அங்கங்கே ரப்பரும் ஒட்டி. என் முகம் தெரிந்த இடத்தில் யாரோ ஷூ காலோடு ஏறி மிதித்தது போல இருக்கிறது. கழுத்துக்கு அடியில் சின்ன ரப்பர் துண்டு வைத்திருந்தோமே, அது பட்ட இடத்திலும்.

திரும்ப வைத்தேன். மூடினேன். முட்டியால் அழுத்தியபோது அழுகை வந்தது.

அப்பா ஆறரைக்கு வந்தார். ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது என்றார். தலைவலி என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

இன்னும் மோசமாக்கிவிட்டேன்.

அம்மாவின் டப்பாவில் தின்னர் இருக்கும். அப்பரில் சொல்யூஷன் வழிந்தால் பஞ்சில் தொட்டுத் துடைப்பாள், சுத்தமாகப் போய்விடும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஸ்பெ. கிளாஸ் முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு துடைத்தேன்.

முதல் தடவை ரப்பர் போனது. சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது தடவை வார்னிஷும் சேர்ந்து வந்தது. வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. துணியின் நூல் அதில் ஒட்டி, பிய்த்தால் இன்னும் உரிந்தது. என் உள்ளங்கை அளவு மரம் வெறுமனே தெரிகிறது. அதைச் சுற்றிப் பால் ஆடை மாதிரி.

நிறுத்தத் தெரியவில்லை. நாலாவது தடவையில்தான் நிறுத்தினேன்.

வீடெல்லாம் தின்னர் நாற்றம். அப்பாவுக்கு மூக்கு தோல் ஷாப்பில் எப்போதோ செத்துவிட்டது. கண்டுபிடிக்கவில்லை.

ராத்திரி அம்மா போன் பண்ணினாள். அண்ணன் சாப்பிட மாட்டேன் என்கிறானாம். "வீட்டுக்கு வந்து அவன் பேஸைத் தொட்டாத்தான் சரியாவான்" என்றாள். நான் உம் உம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி ஆராதனை. மின்விசிறி சுற்றியும் எல்லாருக்கும் வியர்வை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தையில் ஒன்றும் காதில் ஏறவில்லை.

வந்து அந்தப் பேப்பரை எடுத்தேன். பின்பக்கம், பொடி எழுத்து, மூன்றாவது வரி. ரப்பரோ ரெக்சினோ எதுவும் இதன்மேல் படும்படி வைக்காதீர்கள், வார்னிஷைக் கரைத்துவிடும், பருத்தித் துணி மட்டுமே. நாலு வரிதான் மொத்தமே. அன்றைக்குப் படித்திருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். இங்கிலீஷில் கஷ்டமான வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அப்பா படுத்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் போய் நரேன் சாருக்குப் போன் பண்ணினேன். எல்லாம் சொன்னேன், தின்னரையும். யார் ரப்பர் வைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. கேஸ் எப்படித் தைத்தீர்கள் என்று கேட்டார். சொன்னதும், "உங்க ஊர்ல அது சரிதாம்மா. ஷூவுக்கு அது சரி" என்றார். மரமென்றால் கேஸுக்குள்ளே கொஞ்சம் இடம் விட வேண்டுமாம்.

முழுசாகச் சுரண்டிவிட்டு மறுபடி வார்னிஷ் அடிக்கலாம், சத்தம் கெடாது என்றார். நான் அப்பாவுக்குத் தெரியாமல் கொண்டுவந்துவிடுகிறேன், அண்ணன் வருவதற்குள் முடியுமா என்று கேட்டேன். முடியாது, இரண்டு மாதம் ஆகும் என்றார். பிறகு சொன்னார், "அது உங்க அண்ணனோடதும்மா. அவர்கிட்ட சொல்லிட்டு அப்புறம் போன் பண்ணு. அவர் சொல்லாம நான் கை வெக்க மாட்டேன்."

நாளை அண்ணன் வருகிறான்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அண்ணன் நேற்று வந்தான். கையில் பெரிய கட்டு. இளைத்துவிட்டான்.

உள்ளே வந்ததும் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். கேஸ் இருப்பதைப் பார்த்தான். காலால் இன்னும் உள்ளே தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அவ்வளவுதான். கேட்கவே இல்லை.

இன்று கோயிலுக்கும் வரவில்லை. பிரியாணி சாப்பிடவில்லை. சபீனா ஆன்ட்டி கொடுத்தனுப்பிய சேமியாவில் மட்டும் இரண்டு ஸ்பூன்.

ரூபன் அண்ணன் சாயங்காலம் வந்து, கட்டைவிரல் நல்லாத்தானே இருக்கு, கட்டு பிரிச்சதும் வாசிக்கலாமே என்றார். அண்ணன் சிரித்தான். எனக்குப் பிடிக்காத சிரிப்பு. "வெட்ட வெட்டக் கம்மியாவுது. அடுத்தது கட்டைவிரல்தான். இதை நம்பிச் சபையில ஒரு இடம் புடிச்சி வெக்கணுமா?" என்றான். ரூபன் அண்ணன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 23, புதன்

இன்று அண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னான். பேஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. நரேன் சார் எடுத்துக்கொண்டால் சரி, பணம் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி, கண்ணெதிரில் இருக்க வேண்டாம். "நான் பேச மாட்டேன். நீயே போன் பண்ணு. சனிக்கிழமை அப்பாவும் நீயும் போய்க் குடுத்துட்டு வந்துடுங்க. எனக்கு எதுவும் சொல்ல வேணாம்."

சரிண்ணா என்றேன்.

உண்மையை எழுதுகிறேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளியே வந்து தண்ணீர் குடித்தேன், ஒரு சொம்பு முழுக்க. அவன் திறக்க மாட்டான். பார்க்க மாட்டான். அம்மாவுக்கும் தெரியாது. நரேன் சார் ஒருவருக்குத்தான் தெரியும், அவர் பெங்களூரில் இருக்கிறார். நான் தப்பித்துவிடுவேன்.

ராத்திரி ஜெபத்தில் அம்மா, இவன் மனசு மாறி மறுபடி வாசிக்கணும் ஆண்டவரே என்று அழுதாள். நான் ஆமென் சொல்லவில்லை. இல்லை, அதற்கும் மேல். மனசுக்குள் நான் வேறு மாதிரி ஜெபித்தேன். சனிக்கிழமை வரைக்கும் மாறாமல் இருக்கட்டும் என்று.

அதை நான்தான் ஜெபித்தேன். அவன் ஸ்டேஷனில் நின்ற அன்று வாசலில் உட்கார்ந்து அழுத அதே நான்.

ஏப்ரல் 25, வெள்ளி

நரேன் சாருக்குப் போன் பண்ணவில்லை. அப்பாவிடம் நாளை சார் ஊரில் இல்லையாம் என்று பொய் சொன்னேன். அடுத்த வாரம் போகலாம் என்றார்.

மூன்று தடவை அண்ணன் கட்டில் பக்கம் போனேன். முதல் தடவை தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது தடவை அம்மா இருந்தாள். மூன்றாவது தடவை அவன் விழித்துத் தனியாகத்தான் இருந்தான். ஃபேனை வேகமாக வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தால் ஸ்டேஷன்தான் வருகிறது. சொல்லாவிட்டாலும் அதுதான் வருகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

கோயிலிலிருந்து வந்ததும் அம்மா சபீனா ஆன்ட்டி வீட்டுக்குப் போனாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, போன் பண்ணியா என்று கேட்டான். இல்லை என்றேன். ஏன் என்றான்.

"திருப்பிக் குடுக்க முடியாதுண்ணா. அதை நான் கெடுத்துட்டேன்."

அவன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். பேப்பரின் பின்பக்கம் படிக்காதது. கிரேப் ஷீட் என் ஐடியா என்பது. தின்னர். நாலு தடவை. அவன் திறக்காமல் இருக்க வேண்டும் என்று நான் ஜெபித்ததையும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது.

இறங்கினான். கேஸை ஒரு கையால் இழுத்தான். நான் குனிந்தால் தள்ளிவிட்டான். இரண்டு பக்கிளை ஒரு கையாலேயே எடுத்தான். மூன்றாவது இறுக்கம். பல்லால் இழுத்தான்.

பேஸைப் புரட்டிப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தான். வெறும் மரம் தெரிகிற இடத்தை வலது கைக் கட்டைவிரலால் தடவினான்.

"இது இன்னா அப்பரா? சொல்லுடி. தின்னர் போட்டுத் தொடைக்கறதுக்கு இது அப்பரா?"

பிறகு திட்ட ஆரம்பித்தான். இங்கிலீஷில் தொண்ணூறு மார்க் வாங்குகிறவளுக்கு ஒரு பேப்பரைத் திருப்பிப் பார்க்கக் கை வலித்ததா என்றான். கழுதை என்றான். உன்னை நம்பி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட விட்டுவிட்டுப் போக முடியாது என்றான். தெருவுக்கே கேட்டது. அக்டோபருக்குப் பிறகு இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் இல்லை. அம்மா ஓடிவந்தாள். அவளையும் விடவில்லை. "ஷூ மாதிரி இறுக்கித் தச்சி வெச்சிருக்கியேம்மா, இது காலா? மரம்மா இது" என்று சொல்லிக்கொண்டே கிரேப் ஷீட்டைப் பிய்த்து இழுத்தான். லைனிங்கும் கூடவே கிழிந்து வந்தது. அம்மாவின் ரெட்டைத் தையல் ஒரு முழம் போய்விட்டது. அம்மா கிழிந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. என் தப்புக்கு அவள் தையல்.

அப்பா ஈரத் துண்டோடு வாசற்படியில் நின்றிருந்தார். அவர் தடுக்கவில்லை. தலையைக்கூடத் துவட்டாமல், அண்ணன் கத்துவதையே கேட்டுக்கொண்டு நின்றார்.

தொண்டை கட்டிய பிறகுதான் நிறுத்தினான். கட்டிலில் உட்கார்ந்து பேஸை மடியில் எடுத்துவைத்தான். சட்டை அதில் ஒட்டியது, இழுத்துவிட்டுக்கொண்டான். வலது கை கழுத்துப் பக்கம் போய் ஒரு இடத்தை அழுத்தியது. இடது கை கட்டோடு சும்மா இருந்தது. அப்படியே இருந்தான்.

என்னைப் பார்க்காமலே, "இங்க வா" என்றான். போனேன். "இந்தக் கம்பியை இழுத்து வுடு."

விட்டேன். சத்தம் கொஞ்சம்தான், கட்டில் பலகையில் உறுமியது. அவன் விரலை மாற்றினான். மறுபடி விட்டேன். மாற்றினான். நான் பிந்திவிட்டேன்.

"லேட்டு. என் விரலைப் பாரு. கம்பியைப் பாக்காத."

மறுபடி முதலிலிருந்து. மறுபடி லேட்டு. அந்த முதல் வரி வருவதற்குள் மத்தியானம் சாப்பாடு ஆறிப்போய்விட்டது. எழுந்திருக்க விடவில்லை. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தைக் கொடுத்தே பேசவில்லை. கை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். நரேன் சாரிடம் அவனே பேசிக்கொள்வானாம், நீ எதிலும் தலையிடாதே என்றான்.

ஆள்காட்டி விரலில் கொப்புளம். பேனா பிடிக்க எரிகிறது. நாளைக்கு ஸ்பெ. கிளாஸுக்கு முன்னால் ஆறு மணிக்கே எழுந்து உட்கார வேண்டுமாம்.